ஸ்வீட் ஹோம் 3டியில பிளான் போட்டா பின்பக்கம் ஒன்றரை அடி மிச்சம் நிக்குது, எங்க தப்பு?

அரியாங்குப்பம் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். அரியாங்குப்பத்துல எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு அதே மனையில தளம் போட்ட வீடு கட்டப்போறோம். மனை 20க்கு 40 அடி, கிழக்குப் பார்த்தது. சுத்தி விட வேண்டியது போக வீட்டோட வெளி அளவு 17க்கு 33. எஞ்சினியர் ஒரு தாள்ல பேனாவால போட்டுக் கொடுத்தார். அப்பா பார்த்துட்டு சரின்னுட்டார். அம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்து ஒண்ணும் பிடிபடல. "அடுப்பு எங்க வரும், நான் எங்க நிப்பேன், வெளிச்சம் எந்தப் பக்கம்? அதைக் காட்டு"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதானே. அந்த அடுப்படியில பாதி நாள் நிக்கப்போறது அவங்கதான். அம்மா கண்ணால பார்த்துச் சரின்னு சொல்லாம கடக்கால் தோண்ட விடமாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்.

அதுக்காகத்தான் ஸ்வீட் ஹோம் 3டிங்கற, வீட்டு பிளான் போட்டு 3டியில பார்க்கற சாஃப்ட்வேரை இறக்கி, தாள்ல இருக்கற மாதிரியே போட ஆரம்பிச்சேன். நீளவாக்குல எஞ்சினியர் எழுதியிருக்கறது: ஹால் 12.10, பெட்ரூம் 9.11, அடுப்படி 8. அகலவாக்குல பெட்ரூம் 10.6, பக்கத்துல பாத்ரூம் 4.7½. யூனிட்டை அடின்னு வெச்சு அதே எண்களை அப்படியே அடிச்சேன். முன்னாடியிலிருந்து வரிசையா அறை போட்டுக்கிட்டே போனா, பின்சுவர் வர வேண்டிய இடத்துக்கு ஒன்றரை அடி முன்னாடியே அடுப்படி முடிஞ்சுபோகுது. எஞ்சினியர் தப்பாக் கூட்டினாரா, சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுதா? அவர்கிட்ட கேட்டா "நான் போட்டது சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டார்.

இன்னும் சிலது இருக்கு. அடுப்படிக்குத் தரை போடலாம்னு உள்ள டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே ஆகமாட்டேங்குது, மத்த அறைக்கெல்லாம் வருது. மாடிப்படி வெச்சா மேல் தளம் அதை மூடிக்குது. 3டி காட்டற கீழ்ப் பாதி சில நேரம் கறுப்பா நின்னுபோகுது. லேப்டாப் பழசு, தம்பி காலேஜுக்கு வாங்கினது. போதாததுக்குக் கரண்ட் வேற போய்ப்போய் வருது, பேட்டரி நிக்காது.

கடைசியா அடுப்படி ஜன்னல். அடுப்படி வாயு மூலையில, அதாவது வடமேற்குல வருது, ஜன்னல் வடக்குப் பார்த்து. சாஃப்ட்வேர்ல படம் எடுத்துப் பார்த்தா வெயிலே படல. ஆனா இப்ப இருக்கற வீட்டுல சித்திரை, வைகாசியில வடக்குச் சுவர் சுடுதே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் டிராஃப்ட்ஸ்மேன்

அம்மா, கடலூர் மஞ்சக்குப்பத்துல பிளான் வரைஞ்சு கொடுக்கறது என் தொழில். டிராயிங் போர்டுல டி-ஸ்கொயர் வெச்சு வரைஞ்ச காலத்துலேருந்து இதுலதான் இருக்கேன். உங்க எஞ்சினியர் கூட்டினதும் சரி, சாஃப்ட்வேர் காட்டறதும் சரி. ரெண்டு பேரும் புள்ளிக்கு வேற வேற அர்த்தம் வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

நம்ம பக்கம் மேஸ்திரியிலேருந்து எஞ்சினியர் வரைக்கும் 12.10ன்னு எழுதினா 12 அடி 10 அங்குலம். புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது அங்குலம். நீங்க யூனிட்டுல தசம அடியைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. அதுக்கு 12.10ன்னா 12 அடியும், ஒரு அடியில பத்துல ஒரு பங்கும். அதாவது 12 அடி 1 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். அங்கேயே எட்டே முக்கால் அங்குலம் போச்சு. 9.11 என்பது 9 அடி 11 அங்குலம், கிட்டத்தட்ட பத்தடி அறை. சாஃப்ட்வேருக்கு அது 9 அடி 1¼ அங்குலம் சொச்சம். அங்க ஒன்பதரை அங்குலத்துக்கு மேல போச்சு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, 18½ அங்குலம். உங்க ஒன்றரை அடி அதுதான்.

இதுல பொல்லாத விஷயம் என்னன்னா, 10.6ன்னு அடிக்கறப்ப அறை சிறுக்காது, ஓர் அங்குலத்துக்கு மேல பெருசாயிடும். தசமத்துல 10.6ன்னா 10 அடி 7 அங்குலத்தைத் தாண்டுது. ஒரு பக்கம் சிறுத்து ஒரு பக்கம் பெருக்கறதால, எல்லா அளவும் ஒரே விகிதத்துல தப்பா இருக்காது. ஸ்கேலை மாத்திச் சரிபண்ணிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பிரிஃபரன்சஸ் போய் யூனிட்டை, அங்குலத்தைப் பின்னமாக் காட்டறதுக்கு மாத்துங்க. அப்புறம் 12 போட்டு அடிக்குறி, 10 போட்டு அங்குலக்குறின்னு அடிங்க. சுவர் இழுக்கறப்ப மவுசால குறி பார்க்க வேண்டாம். இழுக்க ஆரம்பிச்சதும் என்டர் தட்டினா நீளம் கேக்கும், எண்ணை எழுதிடுங்க.

இந்த விஷயத்தை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கம்பிக்கட்டு முடிஞ்ச பிறகு, "பாத்ரூம் கதவைத் திறந்தா கக்கூஸ் கோப்பையில இடிக்குது"ன்னு கண்கலங்கின வீட்டுக்காரங்களைப் பார்த்திருக்கேன். காகிதத்துல அரை அடி சின்ன விஷயம். நாலடி ஏழரை அங்குல பாத்ரூம்ல அரை அடின்னா ஒரு ஆள் திரும்ப முடியுமா முடியாதாங்கறதே அதுலதான் இருக்கு.

அடுத்தது சுவர். இந்த சாஃப்ட்வேர் சொந்தமா வெச்சிருக்கற சுவர்க் கனம் ஏழரை சென்டிமீட்டர், மூணு அங்குலம்தான். நம்ம வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை. அதையும் பிரிஃபரன்சஸ்ல மாத்தலாம், இல்லன்னா சுவரை டபுள் கிளிக் பண்ணி மாத்தலாம். ஆனா ஒண்ணு, அது சுவரோட நடுக்கோட்டை வெச்சுத்தான் நீளம் கணக்குப் பண்ணும். 17க்கு 33ன்னு நாலு சுவர் இழுத்து 9 அங்குலம் கனம் கொடுத்தா, வெளியில 17 அடி 9, 33 அடி 9ன்னு ஆயிடும். பக்கத்து மனைக்காரர் வந்து நிப்பார். நடுக்கோடு 16 அடி 3 அங்குலம், 32 அடி 3 அங்குலம்னு இழுங்க. அப்பதான் வெளிமுகம் சரியா 17க்கு 33 வரும்.

இப்ப உங்க எஞ்சினியர் கணக்கைப் பாருங்க. 33 அடியில ரெண்டு வெளிச்சுவருக்கு ஒன்றரை அடி போனா 31 அடி 6 அங்குலம். குறுக்கே ரெண்டு நாலரை அங்குலச் சுவர், அதுக்கு 9 அங்குலம். மிச்சம் 30 அடி 9 அங்குலம். 12 அடி 10, 9 அடி 11, 8 அடி, மூணையும் கூட்டினா அதேதான். அகலமும் அப்படியே. 17 அடியில சுவரெல்லாம் போக 15 அடி 1½ அங்குலம், 10 அடி 6ம் 4 அடி 7½ம் சேர்ந்தா அதுதான். மனுஷன் அரை அங்குலம்கூடப் பிசகாமப் போட்டிருக்கார்.

இதெல்லாம் பூச்சு இல்லாத அளவுங்கறதை மறந்துடாதீங்க. உள்பூச்சு ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் எடுக்கும். 9 அடி 11 அறை, பூசி முடிச்சா 9 அடி 10. பாத்ரூம் டைல்ஸ் பக்கம் இன்னும் கூடவே எடுக்கும். பீரோ, கட்டில் வாங்கறப்ப பூச்சுக்குப் பிந்தின அளவைத்தான் எடுக்கணும்.

அடுப்படித் தரை ஏன் வரலைன்னா, நாலு சுவரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மூடினாத்தான் டபுள் கிளிக்குக்கு அறைன்னு பிடிக்கும். கதவுக்காக சுவர்ல இடைவெளி விட்டிருக்கீங்களான்னு பாருங்க. விடக் கூடாது. சுவரை முழுசா இழுத்துட்டு அது மேல கதவைக் கொண்டுபோய் வெச்சா, தானே வெட்டிக்கும். இடைவெளி இல்லன்னா மூலையைப் பெருசாக்கிப் பாருங்க, மயிரிழை விலகியிருக்கும். நுனியைப் பிடிச்சு அடுத்த சுவருக்குள்ள நுழைய விட்டுடுங்க, போதும்.

மனையை நேர்ல அளந்தீங்களா? பத்திரத்துல 20க்கு 40ன்னு இருக்கறது வேற, தரையில இருக்கறது வேற. நாலு பக்கத்தோட ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணாவும், 44 அடி 8½ அங்குலத்தைச் சற்றே தாண்டியும் வந்தா மனை மூலைமட்டத்துல இருக்கு. கோணலா இருந்தா சாஃப்ட்வேர்லயும் கோணலாவே போடுங்க. சாதாரணமா அது 15 டிகிரி படியிலதான் கோட்டைத் திருப்பும். ஆல்ட் பட்டனை அழுத்திக்கிட்டே இழுத்தா நினைச்ச கோணத்துக்குப் போகும்.

லாஸ்பேட்டை பையன்

அக்கா, கறுப்பா நிக்கறது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சனை. லேப்டாப் கம்பெனி சைட்டுலேருந்து உங்க மாடலுக்கான டிரைவரை இறக்கிப் புதுசாப் போடுங்க. அப்புறம் சோபா, மரம், கார்னு வெளியிலேருந்து இறக்கின மாடல் நிறையப் போட்டிருந்தா அதெல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒரு செடி மாடல் உங்க மொத்த வீட்டையும் விட கனமா இருக்கும். சுவர் போடற நேரத்துல 3டி பக்கத்தோட எல்லைக்கோட்டைக் கீழ இழுத்து மூடி வெச்சிடுங்க, பார்க்கணும்னா மட்டும் திறங்க.

கரண்ட் விஷயத்துக்கு, பிரிஃபரன்சஸ்ல தானா சேமிக்கற நேரம் இருக்கும். அதை அஞ்சு நிமிஷமாக் குறைச்சிடுங்க. திடீர்னு நின்னாலும் அடுத்த தடவை திறக்கும்போது மீட்டுக் கொடுக்கும். ஆனா அதை நம்பி மட்டும் இருக்காதீங்க. தினம் முடிக்கறப்ப தேதி போட்டு வேற பேர்ல ஒரு காப்பி வெச்சு, உங்க நம்பருக்கே வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்பி வெச்சுக்குங்க.

திருப்பாப்புலியூர் வாத்தியார்

வெயில் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் சந்தேகம் சரி, வடக்குச் சுவர் சுடத்தான் செய்யும்.

பிளானின் மூலையில் திசைகாட்டி வட்டம் ஒன்று இருக்கும், அதை டபுள் கிளிக் செய்யுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். நம் நாட்டு நேரத்துக்குக் கணினிகளில் உள்ள பெயர் கொல்கத்தா. அதனால் அட்சரேகையில் 22½ டிகிரியை ஒட்டி எண் இருந்தால் அது கொல்கத்தாவின் வெயில், உங்களுடையது அல்ல. புதுச்சேரிக்கு வடக்கு 11.93, கிழக்கு 79.83 என்று மாற்றுங்கள். வட்டத்தைத் திருப்பி, உங்கள் வாசல் கிழக்காக வருகிறதா என்றும் பாருங்கள். எடுத்த எடுப்பில் அது தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று வைத்திருக்கும்.

நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில்கூட அது உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். ஜூன் 21 வாக்கில் பதினொன்றரை டிகிரி வடக்கே தள்ளி நிற்கும். நடுப்பகல் வெயிலை சன்ஷேடு மறித்துவிடும். சாயங்காலம் சூரியன் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே சாய்ந்து இறங்குமே, அந்தத் தாழ்ந்த வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். வாயு மூலை அடுப்படிக்கு அதுதான் தொல்லை. டிசம்பரில் நேர்மாறு, வடக்கு ஜன்னலில் துளி வெயில் படாது.

படம் எடுக்கும்போது தரம் நான்கு படிகளில் இருக்கும். மேல் இரண்டு படிகளில்தான் தேதியும் நேரமும் கணக்கில் வரும். மே 20, மாலை ஐந்து மணி என்று கொடுத்துப் பாருங்கள். பழைய லேப்டாப் என்பதால் படத்தின் அளவைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பம் பொண்ணு

அண்ணா, யூனிட்டை மாத்தி முதல்லேருந்து போட்டேன். பின்சுவர் கச்சிதமா உட்கார்ந்துடுச்சு! அடுப்படிக் கதவுகிட்ட நிஜமாவே இடைவெளி விட்டு வெச்சிருந்தது, மூடினதும் தரை வந்துடுச்சு. சார், நீங்க சொன்ன மாதிரியே திசைகாட்டியில இருந்தது கொல்கத்தா எண்தான். மாத்தி, மே மாசம் அஞ்சு மணி போட்டா, ஜன்னல் வழியா ஒரு பட்டை வெயில் அடுப்பு மேடை மேல விழுது. அம்மாகிட்ட காட்டினேன். "இதைத்தான் இத்தனை நாளா சொல்றேன், சாயங்காலம் டீ போடறப்ப கண்ணு கூசும்"னாங்க. ஜன்னலுக்கு மேற்குப் பக்கமா செங்குத்தா ஒரு சின்னச் சுவர் நீட்டினா மறைக்குமான்னு போட்டுப் பார்க்கறேன்.

மாடிப்படி மட்டும் இன்னும் சரியாகல. அப்புறம் 2024ல ஃபெஞ்சல் புயல் மழையில எங்க தெருவுல தண்ணி நின்னு உள்ள வந்துடுச்சு, அதனால பேஸ்மட்டம் மூணடி ஏத்தறோம். அதை எப்படிக் காட்டறது?

நெல்லிக்குப்பம் கலா அக்கா வீடு

பேஸ்மட்டத்துக்கு லெவல்னு ஒண்ணு இருக்கு பாரும்மா, கீழ்த்தளத்தோட எலிவேஷனை, அதாவது தரையிலேருந்து உசரத்தை, மூணடின்னு கொடு, வீடு மொத்தமும் மேல ஏறிக்கும். ஏறினதும்தான் உனக்கு வாசல் படிக்கு எவ்வளவு இடம் வேணும்னு உறைக்கும். மூணடிக்கு ஆறு படியாவது வரும். அது மனைக்குள்ளயே முடியணும், தெருவுல நீட்டக் கூடாது. நாங்க கட்டினப்ப திண்ணையை நினைச்சோம், படியை யாரும் நினைக்கல. திண்ணை வேணும்னா சாஃப்ட்வேரோட சாமான் பட்டியல்ல இருக்காது, பெட்டி மாதிரி ஒரு வடிவம் இருக்கு, அதை நீட்டிக் குட்டையாக்கி வெச்சுக்கோ.

இன்னொண்ணு. வீட்டுக்குள்ள நடந்து பார்க்கற மாதிரி ஒரு பார்வை இருக்கில்ல? அதுல போற ஆளோட கண் உயரம் நல்ல உசரமான ஆம்பளைக்குத் தோதா வெச்சிருக்கும். உங்கம்மா உயரம் என்ன? நாலடி பத்துன்னா கண் உயரத்தை நாலரை அடிக்குக் குறைச்சுட்டு அடுப்படிக்குள்ள போய்ப் பாரு. மேல் அலமாரி எட்டுமா, ஜன்னல் விளிம்புக்கு மேல வெளிய தெரியுமான்னு அப்பதான் தெரியும். மேடை உயரத்தை மேஸ்திரி வழக்கமா போடற மாதிரி விட்டுடாதே. அம்மாவை முழங்கையை மடக்கி நிக்கச் சொல்லி அளந்து, அதுக்குக் கீழ நாலஞ்சு அங்குலம் இறக்கி வை. எங்க மாமியாருக்கு அப்படித்தான் வெச்சோம், தோள்வலின்னு சொன்னதே இல்ல.

மஞ்சக்குப்பம் டிராஃப்ட்ஸ்மேன்

கண் உயரம் குறைச்சுப் பார்க்கறது அருமையான யோசனை. எங்கிட்ட வர்றவங்களுக்கும் இனிமே அப்படித்தான் காட்டப்போறேன்.

படிக்கட்டுக்கு வர்றேன். படியைக் கீழ்த்தளத்துல வைக்கணும். அதோட உயரம் மேல்தளத் தரையைத் தொட்டாத்தான் சாஃப்ட்வேர் தளத்துல ஓட்டை வெட்டும். கீழ அறை உயரம் பத்தடி, தளக் கனம் அஞ்சு அங்குலம்னா படியோட உயரம் 10 அடி 5 அங்குலம் கொடுங்க, மூடிக்கிட்டிருக்கற தளம் திறந்துக்கும்.

ஆனா அந்தப் படத்தை நம்பி இடம் ஒதுக்காதீங்க. பட்டியல்ல இருக்கற படி ரப்பர் மாதிரி இழுபடும். எவ்வளவு உயரம் கொடுத்தாலும் படி எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு படியும் உசரமாயிடும். பார்க்க அழகா இருக்கும், ஏறினா முட்டி போயிடும். கணக்கை நீங்க போடுங்க. 10 அடி 5 அங்குலம்னா 125 அங்குலம். ஒரு படி ஏழு அங்குலத்தைத் தாண்டாம இருக்கணும்னா 18 ஏத்தம் வேணும். கடைசி ஏத்தம் மேல்தளத் தரைக்கே போயிடறதால கால் வைக்கற இடம் 17, ஒவ்வொண்ணும் 10 அங்குலம்னா 14 அடி 2 அங்குலம் நீளம். 17 அடி அகல வீட்டுல குறுக்கே நேர்ப்படி போட்டா ஒரு அறையையே முழுங்கிடும். நடுவுல திரும்பற படிதான் உங்களுக்குச் சரி. அதையும் எஞ்சினியரைக் கேட்டு, எங்க தாங்கும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. கம்பி, கடக்கால், அனுமதிக்கான வரைபடம் எல்லாம் அவர் பொறுப்பு. இதை வெச்சு அவர்கிட்ட கேள்வி கேட்கலாம், இதையே கொடுத்துக் கட்டச் சொல்லக் கூடாது.

அரியாங்குப்பம் பொண்ணு

புரிஞ்சுதுண்ணா. எஞ்சினியரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கோம். அவர்கிட்ட லேப்டாப்பைத் திறந்து காட்டறதா, பிரிண்ட் எடுக்கறதா? மேஸ்திரியும் வர்றார். ஜெராக்ஸ் கடையில ஒருதடவை எடுத்துப் பார்த்ததுல படம் ரொம்பச் சின்னதா வந்தது.

மஞ்சக்குப்பம் டிராஃப்ட்ஸ்மேன்

ரெண்டும் வேணும். 3டியை அம்மா, அப்பாவுக்குக் காட்டுங்க. மேஸ்திரிக்கு தாள்தான், அவர் பென்சில் வெச்சுத்தான் பேசுவார்.

பேஜ் செட்டப்ல ஸ்கேலை 1க்கு 50ன்னு வெச்சு பிடிஎஃப் ஆக்குங்க. மொத்த மனை 20க்கு 40 அடியும் ஏ4 தாள்ல 12.2 சென்டிமீட்டருக்கு 24.4 சென்டிமீட்டர் வரும், ஓரம் விட்டும் அடங்கிடும். பிடிஎஃபை எடுத்துக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. "பேஜுக்கு ஃபிட் பண்ண வேண்டாம், ஆக்சுவல் சைஸ்ல போடுங்க"ன்னு சொல்லுங்க. உங்களுக்குச் சின்னதா வந்தது அதனாலதான் இருக்கும். கடையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்கேலை வெச்சு மனையோட அகலத்தை அளங்க. 12.2 இருந்தா வாங்குங்க, இல்லன்னா திரும்பப் போடச் சொல்லுங்க.

ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணுல அறை அளவெல்லாம் 12'10", 9'11"ன்னு அடிக்குறி, அங்குலக்குறி போட்டு எழுதுங்க. புள்ளி வெச்சு எழுத வேண்டாம். இன்னொண்ணுல அளவே இல்லாம விடுங்க. அம்மா அதுல அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், அரிசி டிரம் வைக்கற இடத்தைத் தன் கையால குறிக்கட்டும். எஞ்சினியர் வந்ததும் முதல்ல அந்தக் காப்பியை நீட்டுங்க. ஜன்னல் மேற்குப் பக்கம் நீட்டற சுவரையும் அதுலயே போட்டுடுங்க, லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல போடற கான்கிரீட் பட்டி) வர்றதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும்.